பல்லிச் சாம்பார் தாலாட்டு

தமிழ்நாட்டில் சொந்தக் குரலில் பேசும் கடைசி மனிதன் நான்தான். வீட்டுக்குப் போன் பேசக்கூடக் குரல் திருத்தும் பெட்டியை மாட்டிக்கொள்ளும் அறைத்தோழன் மகாராசனை, "பெட்டிக்குப் பொறந்த பயல" என்றுதான் கூப்பிடுவேன்.

எங்கள் கல்லூரி வானொலியில் மட்டும் எனக்கும் பெட்டி கட்டாயம். விடுதிச் சாம்பாரில் பல்லி விழுந்து நான்கு பேர் ஆஸ்பத்திரியில் கிடப்பதை இன்று காலைச் செய்தியில் தொண்டை கிழியக் கத்தினேன். பெட்டி கோபத்தை வடித்துவிட்டுத் தாலாட்டாக ஒலிபரப்பியது. "கேக்க இதமா இருந்துச்சு தம்பி" என்று வார்டனே பாராட்டினார்.

ஆத்திரத்தோடு அறைக்கு வந்து, மஸ்கட்டில் வேலை பார்க்கும் அம்மாவுக்குப் போன் போட்டேன். மூன்று வருடமாக எங்களுக்குள் வாட்ஸ்அப் எழுத்துதான்; என் குரலை அவர் இணையத்தில் வரும் எங்கள் கல்லூரி வானொலியில் கேட்டுக்கொள்வார்.

"அம்மா, நான் செல்வின்!"

"யாருல நீ? எம்புள்ள கொரலு எனக்குத் தெரியாதாக்கும்? வைல போன!"

மகாராசன் குளிக்கப் போகும்வரை காத்திருந்தேன். அவன் பெட்டியை மாட்டிக்கொண்டு மறுபடி கூப்பிட்டு, பல்லி விஷயத்தைக் கத்தித் தீர்த்தேன்.

"பல்லி விழுந்ததக்கூட எவ்வளவு சந்தோசமாச் சொல்லுத மக்கா!" என்றார் அம்மா. "வயிறு நெறையச் சாப்புடு."