நான்காவது தட்டில் ஓர் ஓட்டை

ஒரு துண்டு குறைந்தது.

ஆயிரத்தில் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது படத்துண்டுகள் சாப்பாட்டு மேசை மேல் பொருந்திவிட்டன. ஐந்து தட்டு வைத்த புத்தக அலமாரி, அதன் மேல் ஒரு பூச்சாடி, பக்கத்தில் சாய்வு நாற்காலி. நான்காவது தட்டின் நடுவில் மட்டும் விரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. அதன் வழியே மேசை விரிப்பின் பச்சை தெரிந்தது.

எங்கள் வீட்டு எழுத்தாளர் தரையில் குப்புறப் படுத்துத் தேடிக்கொண்டிருந்தார். கட்டிய பாவத்துக்கு நானும் தேடினேன். சோபாவைப் புரட்டினோம். குப்பைக்கூடையைக் கவிழ்த்தோம். மகள் ஃபிரிட்ஜுக்கு அடியில் கைபேசி வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். போன வருஷம் தொலைந்த கரண்டி கிடைத்தது.

‘நம் மொழியின் நூறு மாபெரும் நூல்கள்’ என்று ஜிக்சா புதிர்ப் பெட்டியின் மேல் போட்டிருந்தது. பதினாறு நாளாக அந்த மேசையில் யாரும் சாப்பிடவில்லை. சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டோம். தும்மல் வந்தால் அடுத்த அறைக்கு ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தோம். ‘ஓய்வாக விளையாடுங்கள், மனம் லேசாகும்’ என்று பெட்டியில் எழுதிய புண்ணியவானை ஒருநாள் நேரில் பார்க்க வேண்டும்.

எல்லாம் பதிப்பாளர் பற்றவைத்தது. விற்காத பிரதிகளைப் பற்றி இவர் போனில் நச்சரித்தபோது, அந்த மனிதர் பேச்சை மாற்றுவதற்காக இந்தப் பெட்டியைப் பற்றி எடுத்துவிட்டார்.

“நூறு புத்தகம் இருக்குதாம் சார். உங்களோடது இல்லாம இருக்குமா?”

போதாதா? அன்று சாயங்காலமே பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது.

இவர் எழுதியது ஒரே நாவல். எழுநூற்று நாற்பது பக்கம். நானூறு பிரதி எங்கள் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கட்டில் இதுவரை ஆடியதில்லை. இப்போது ஆறு வருஷமாக ஒரு வரிகூட ஓடவில்லை. காலையில் உட்காருவார், பேனாவைத் திறப்பார், மூடுவார். மத்தியானத்துக்குள் முகம் சுண்டிப்போகும். அதைத்தான் என்னால் பார்க்க முடியாது.

ஜிக்சா வந்த மறுநாள் மனிதர் சீட்டியடித்துக்கொண்டே குளித்தார்.

இரண்டாம் நாளே முதல் தட்டு முடிந்தது. அதில் கவிஞருடைய புத்தகம் மூன்று இருந்தது. கவிஞர் என்றால், இருபது வருஷத்துக்கு முன்னால் இவர் மேடையில் பேசும்போது முன்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்ட கவிஞர். தட்டு முடிந்த அன்று ராத்திரி பல்வலி என்று சொல்லி இவர் சாப்பிடாமலே படுத்துவிட்டார்.

அடுத்தடுத்த தட்டுகளும் நிரம்பின. இவருடைய தடித்த சிவப்புப் புத்தகத்தைக் காணோம். கடைசி இருபது துண்டையும் கவிழ்த்துப் போட்டுக்கொண்டார். ஒரேயடியாகப் பார்க்க நெஞ்சு துணியவில்லை போலிருக்கிறது. ஒவ்வொன்றாகத் திருப்பினார். பலகை, நாற்காலியின் கால், மறுபடியும் பலகை. ஒவ்வொரு துண்டுக்கும் மனிதர் ஒரு சுற்று இளைத்தார்.

இப்போது கையில் துண்டே இல்லை. ஓட்டை மட்டும் இருந்தது.

தரையிலிருந்து எழுந்தார். முழங்காலைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓட்டையையே பார்த்தார். சட்டென்று முகத்தில் ஒரு களை வந்தது.

“பாத்தியா? ஆயிரத்துல காணாம போனது ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணும் என்னோடது!”

அவ்வளவு தடி நாவலுக்கு நாலு துண்டாவது வேண்டாமா என்று கேட்க மகள் வாயைத் திறந்தாள். நான் அவள் காலை மிதித்தேன்.

தற்செயல் இல்லையாம், சதியாம். யாருடைய கை எங்கே வேலை செய்திருக்கிறது என்று இவருக்குத் தெரியுமாம். புத்தகம் அலமாரியில் இருந்திருந்தால் நூற்றில் ஒருவராகப் போயிருப்பார். இப்போது நூறு பேரும் கூடி ஒழிக்கப் பார்க்கிற ஒருவர் ஆகிவிட்டார். அந்தக் கௌரவம் யாருக்குக் கிடைக்கும்? பதிப்பாளருக்குப் போன் போட்டார். தம்பிக்குப் போட்டார். துணிச்சல் மிஞ்சி அந்தக் கவிஞருக்கே போட்டார்.

துண்டு என் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தது.

காலையில் இவர் குளிக்கப் போனபோது, மிச்சமிருந்த எட்டையும் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஆறு வெறும் பலகை. ஒன்று பூச்சாடி. எட்டாவது துண்டில் கவிஞரின் நாலாவது புத்தகம். நாற்பது பக்கத் தொகுப்பு என்பதால் ஒரே துண்டில் அடங்கிவிட்டது. எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பழையபடி கவிழ்த்து வைத்தேன்.

துண்டு குறைந்தால் எழுதுங்கள், இலவசமாக அனுப்புகிறோம் என்று பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் இருந்ததாம். அதை என் அருமை மகள் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்தாள்.

இவர் பேனாவைத் திறந்தார். மூடவில்லை. இப்போது கடிதம் ஆறாவது பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தப் பேனா காகிதத்தில் உரசுகிற சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுதி முடித்ததும் உறையில் போட்டு என்னிடம்தான் கொடுப்பார். இந்த வீட்டில் தபால் போடுவது எப்போதும் என் வேலை.

நாவல் வந்த புதிதில் விருதுக் குழுக்களுக்கும் பத்திரிகைகளுக்கும் நாற்பது கண்டனக் கடிதம் எழுதினார். நாற்பதையும் நான்தான் வாங்கிக்கொண்டு போனேன். எவனாவது ஒருத்தன் பதில் போட்டானா என்று தினமும் கேட்பார். கேட்டுக் கேட்டு மனசு விட்டுப்போய்த்தான் அன்று பேனாவை மூடினார்.

பதில் எப்படி வரும்? படிக்கிறவர்கள் சிரிப்பார்களே என்று பயந்து, நான் ஒன்றைக்கூடப் போடவில்லை.