தங்கராஜுவின் மெட்டஃபர்

"தப்பு. திரும்பச் சொல்லுங்க" என்றாள் சந்திரமதி. வெளியே போவதற்கான சேலையை உடுத்தி உட்கார்ந்து, கணவரின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

தங்கராஜு நாற்காலியில் நெளிந்தார். மடியில் ஆங்கிலக் கவிதைப் புத்தகம். உவமையான சிமிலியைக் கேட்டால் உருவகமான மெட்டஃபரைச் சொன்னார். மெட்டஃபரைக் கேட்டால் சிமிலியைச் சொன்னார்.

சிங்கப்பூர் ஜாலான் புசார் தெரு மாடியறையில் மத்தியானத்திலிருந்து இதே கூத்து. மாலையில் வெள்ளைக்காரத் துரை சோதனைக்கு வருகிறார். அவர் எதிரில் உளறினால், இருக்கிற வேலையும் கையைவிட்டுப் போய்விடும்.

"உங்க அக்கா முள்ளு டுரியான் பழம் மாதிரின்னா சிமிலி. உங்க அக்கா ஒரு டுரியான்னா மெட்டஃபர். இதுகூடவா மண்டையில ஏறல?"

"அக்காவை ஏன் இழுக்கிற?"

"வேற எதைச் சொன்னாலும் உங்களுக்கு மறந்துபோகுது."

தான் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறியவன் என்று அவர் ரோஷத்தோடு நினைவூட்டினார். சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது, படித்தது எங்கே போனதோ என்று அவள் சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அடுத்து பெர்சானிஃபிகேஷன். உயிரில்லாததை மனிதராகப் பாவிப்பது என்று சரியாகச் சொல்லிவிட்டுப் பாராட்டுக்குக் காத்திருந்தார். அவள் உதாரணம் கேட்டாள். வெகுநேரம் யோசித்து, "பஸ் டிரைவர்" என்றார். டிரைவருக்கு உயிர் இருக்கிறது என்பதை அவள்தான் எடுத்துச்சொல்ல வேண்டியிருந்தது.

வஞ்சப்புகழ்ச்சியான ஐரனியில் மொத்தமாகச் சறுக்கினார்.

"'என் புருஷன் பெரிய மேதை'ன்னு நான் சொன்னா, அது ஐரனி."

"அதுல என்ன இருக்கு? நல்லாத்தானே சொல்ற?"

சந்திரமதி ஊசியைக் கீழே வைத்தாள். இந்த மனிதருக்குத்தானா இத்தனை சீர் செய்தார்கள் என்பதுபோல அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தாள்.

பிறகு நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சட்டையை அவர் மடியில் போட்டாள். கிளம்பும் நேரம் வந்துவிட்டது. அவர் சட்டையை மாட்டியபடியே கேட்டார்.

"சாயங்கால வகுப்புல துரை பின்னால உக்காந்திருக்கும்போது இந்த ஐரனி வந்துட்டா என்ன பண்றது, சந்திரா?"

"சாக்பீஸைக் கையில வச்சுக்கிட்டுச் சும்மா நில்லுங்க. முதல் பெஞ்சுல இருக்கிற என்னை எழுப்பிக் கேளுங்க, சார்."