சோறு தின்னப் போனவர்

“சார், டீச்சரம்மா, நான் கரைக்குப் போய் சோறு தின்னுட்டு வந்துடறேன். நீங்க இங்கேயே இருங்க.”

படகுக்காரர் இப்படிச் சொன்னபோது கணக்கு டீச்சரின் வாயில் சுட்ட மீன். முள்ளை எடுப்பதா, முதலில் கோபப்படுவதா என்று ஒரு நொடி அவளுக்குத் தெரியவில்லை.

“என்னய்யா, விளையாடறீங்களா? நடுக்கடல்ல எங்களை விட்டுட்டா?”

நடுக்கடலேதான். தீவைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் படகில் கூட்டிவந்து இறக்கிவிடும் மணல்திட்டு அது. கடல் வடிந்தால் வெளியே தெரியும், ஏறினால் முழுகிப்போகும். இன்றைக்கு வந்தது இவர்கள் மட்டும்தான். டீச்சர், மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் புருஷன், ஆறு வயசு மகள்.

“நீங்க சுட்ட மீனே இவ்வளவு கிடக்கே, உட்கார்ந்து சாப்பிடுங்க” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“சோறு உள்ளே போனாத்தான் சார் எனக்குச் சாப்பிட்ட மாதிரி இருக்கும். அந்த மிதவைச் சட்டையை மட்டும் மூணு பேரும் கழட்டாதீங்க. மஞ்சளா தெரிஞ்சாத்தான் எனக்கு அடையாளம்.”

சொல்லிக்கொண்டே படகைத் தள்ளினார், ஏறினார், போயே போய்விட்டார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. படகுக்குள் குனிவதும் நிமிர்வதுமாக எதையோ தேடுகிறவர் மாதிரிப் போனார்.

“எவ்வளவு திமிர் பாருங்க! இதோ, போன்ல டவரும் இல்லை.”

“வந்துடுவாரு, விடு.”

டீச்சர் விடுகிற ஆளா? கையிலிருந்த குடையைத் தண்ணீர் தொடும் ஓரத்தில் நட்டு வைத்தாள். பத்து நிமிஷம் கழித்துப் பார்த்தால், குடையைத் தாண்டி நாலு காலடி உள்ளே வந்திருந்தது கடல்.

மனசுக்குள் கணக்குப் போட்டாள். திட்டின் நடுமேட்டுக்கு இன்னும் எட்டுக் காலடிதான். இருபது நிமிஷத்தில் உட்கார இடம் இருக்காது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தாள். பாழாய்ப்போன விடை மாறவே இல்லை.

“அம்மா, கடல் ஏன் நம்மகிட்டயே வருது?”

“சும்மா விளையாட வருதுடா செல்லம்.” சொல்லிக்கொண்டே மகளைப் பின்னுக்கு இழுத்தாள்.

கணுக்கால் நனைந்தது. மீன் வைத்திருந்த தட்டு மிதந்து போனது. அதை எடுக்க யாரும் குனியவில்லை. நாலு பக்கமும் தண்ணீர், தண்ணீர். செத்துவிடுவோமோ என்று நினைத்தவள், அந்த நினைப்புக்கே பயந்து மகளை இறுக்கிக்கொண்டாள்.

முழங்காலுக்கு ஏறியதும் மருந்துக்கடைக்காரர் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது.

“இந்தா பாரு, அதோ கரை தெரியுது. மிதவைச் சட்டை இருக்கு. நீந்திடலாம், வா.”

“ஒரு அடி நகரக்கூடாது!” டீச்சர் கத்தினாள். “நாம ஏன் போகணும்? அந்தாளு வரட்டும். சோத்துக்குச் செத்த பயல்! அவனை நிக்க வச்சு நாலு கேள்வி கேக்காம நான் இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன்!”

புருஷன் கையை உடும்புப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, காலியான கடலைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டினாள். இடையிடையே பல் தந்தியடித்தது. ஆனாலும் வசவு நிற்கவில்லை.

தண்ணீர் இடுப்புக்கு வந்தபோது, இயந்திரச் சத்தம் கேட்டது.

வந்தது வேறு படகு. ஓட்டி வந்தவரும் வேறு ஆள். முன்னால் நின்றிருந்த நம் படகுக்காரர் தலையிலிருந்து கால்வரை தொப்பலாக நனைந்திருந்தார். குதித்து வந்து முதலில் குழந்தையை வாங்கினார்.

“சோறு ஆச்சா? வயிறு ரொம்பிச்சா? மனுஷனாய்யா நீ?”

கரை சேரும்வரை டீச்சர் ஓயவில்லை. “மன்னிச்சுக்கங்கம்மா” என்பதைத் தவிர அவர் வாயே திறக்கவில்லை.

இறங்கியதும் ஈரப்புடவையோடு நேரே டிக்கெட் கவுண்டருக்குப் போனாள்.

“புகார் நோட்டைக் கொடுங்க. அந்தாளு இனிமே படகே ஓட்டக்கூடாது.”

டிக்கெட் கொடுக்கும் பெண் நிமிர்ந்து பார்த்தாள். “இனி ஓட்டறதுக்குப் படகு ஏதும்மா? அதுதான் முழுகிப்போச்சே!”

“என்னது?”

“அடிப்பலகை பிளந்து தண்ணி ஏறியிருக்கு. நாலு பேரையும் தாங்காதுன்னு, அள்ளி ஊத்திக்கிட்டே தனியா வந்திருக்கார். பாதி வழியிலேயே படகு போயிடுச்சு. மிச்சத்தை நீந்தி வந்து, அடுத்த படகைக் கூட்டிக்கிட்டு ஓடினார். காலையிலிருந்து பச்சைத்தண்ணிகூடப் பல்லில் படலை அந்த மனுஷனுக்கு.”

டீச்சர் நோட்டைத் தொடாமல் வெளியே ஓடினாள். படகுக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்து சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

“ஐயா, என்னென்னமோ பேசிட்டேனே! ஒரு வார்த்தை உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாதா?”

அவர் கூச்சத்தோடு சிரித்தார்.

“சொல்லியிருந்தா பயந்திருப்பீங்கம்மா. பயந்தவங்க நீந்திடலாம்னு தண்ணியில இறங்கிடுவாங்க, நீரோட்டம் அடிச்சுட்டுப் போயிடும். கோபம் வந்தவங்கதான், என்னைத் திட்டறதுக்காகவாவது நின்ன இடத்துலயே நிப்பாங்க.”