வண்டிக்கு வாங்கிய சாராயம்

“இன்னிக்கும் தள்ளிக்கினுதான் வர்றியா?”

வாசலுக்கு வந்து கேட்டாள் பச்சையப்பனின் மனைவி செங்கமலம். அவன் மோட்டார் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அப்படியே படியில் உட்கார்ந்தான். வில்லியனூர் ரயில்வே கேட்டிலிருந்து ஒதியம்பட்டு வரை அந்த இரும்பைத் தள்ளி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“கேட்டாண்ட நின்னுபோச்சி. வழியில பாக்குறவன்லாம் சிரிக்கிறான். ‘சாராயத்த ஊத்தினா வண்டி தள்ளாடாம இன்னா பண்ணும்’ங்கிறான்.”

பச்சையப்பன் புதுச்சேரியில் ஒரு பஞ்சாலையில் இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர். கடற்கரையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டுக்கொண்டிருந்த துரை ஒருவர், யுத்தத்துக்குக் கிளம்பும்போது அந்த வண்டியை அவனிடம் விட்டுப் போனார். பந்தய வண்டி, பெட்ரோல் டாங்கியில் வயிறு படியக் குனிந்துதான் ஓட்ட வேண்டும். இவன் ஹாண்டில்பாரை உலையில் காய்ச்சி மேலே வளைத்தான். சோற்றுத் தூக்கு வைக்கப் பின்னால் கேரியர் பொருத்தினான். பெட்ரோல் கிடைக்காமல் போனதும், கார்புரேட்டரில் துவாரத்தைப் பெரிதாக்கிச் சாராயத்தில் ஓட வைத்தான். கிளப்புவதற்கு மட்டும் ஒரு மூடி பெட்ரோல். பந்தயத்துக்குச் செய்த எஞ்சின் அல்லவா, காட்டமான சரக்கென்றால் சீறிக்கொண்டு போகும்.

அப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. நடவு ஆரம்பித்ததிலிருந்துதான் வந்தது தொல்லை. ப்ளக்கைத் தேய்த்தான், தீப்பொறி கொடுக்கும் மேக்னெட்டோவைக் கழற்றி உலர்த்தினான், துவாரத்தில் குதிரை மயிரை விட்டு அடைப்பெடுத்தான். ஒன்றுக்கும் மசியவில்லை. ஆலைக்குத் தாமதமாகப் போய், மூடின கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பின நாளும் உண்டு.

“இன்னிக்குத்தான் கண்டுபுடிச்சேன்” என்றான் பச்சையப்பன். “கார்புரேட்டர்ல இருந்தத கையில புடிச்சி, குச்சியக் கிழிச்சி வச்சேன். பத்தவே இல்ல. பாதிக்குப் பாதி தண்ணிடி.”

“கடக்காரன் கலந்துருப்பான்.”

“கடையிலயே கொளுத்திப் பாத்துதான வாங்கினேன்? நீலமா எரிஞ்சிச்சி. வூட்டுக்கு வந்தப்புறம்தான் தண்ணி ஆவுது. யாரோ குடிச்சிட்டு, கொறஞ்சது தெரியாம தண்ணிய ஊத்தி வைக்கிறாங்க.”

அப்போதுதான் குழந்தைவேல் உள்ளே நுழைந்தான். செங்கமலத்தின் தம்பி. மூட்டை தூக்குகிறவன், இவர்களோடுதான் இருந்தான். அவன் குடிப்பது ஊருக்கே தெரியும். பச்சையப்பன் எழுந்து அவன் சட்டையைப் பிடித்தான்.

“கொட்டாயில இருக்குற ஜாடியில கைய வச்சது நீதானடா?”

“சத்தியமா இல்ல மாமா. எனக்கு வேணும்னா கடையில குந்தி, நாலு பேரு பாக்கக் குடிப்பேன். திருடிக் குடிக்கமாட்டேன்.”

“அவன் எடுத்துருக்கமாட்டான், வுட்டுடு” என்று குறுக்கே வந்தாள் செங்கமலம்.

“அப்ப பேயா வந்து குடிச்சிச்சி?”

அவள் தம்பியின் சட்டையிலிருந்து அவன் கையை விலக்கினாள். குழந்தைவேல் அக்காவையே சற்று நேரம் பார்த்தான். பிறகு கொடியில் கிடந்த துண்டை உருவித் தோளில் போட்டுக்கொண்டு, அபிஷேகப்பாக்கத்தில் சின்னம்மா வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்டுவிட்டான்.

பச்சையப்பன் சாப்பிட்டதும் பாயில் சாய்ந்தான். “கால அமுக்குடி. மில்லுல நாளு பூரா நிக்கறேன், அப்புறம் இந்த சனியன வேற தள்ளணும். ஒடம்ப அடிச்சிப் போட்டாப்புல இருக்குது. என் வலி உனக்கு இன்னா தெரியும்?”

செங்கமலம் கழனியிலிருந்து வந்து இன்னும் கால் கழுவியிருக்கவில்லை. முழங்கால் வரை காய்ந்த சேற்றோடு உட்கார்ந்து, அவன் தூங்கும் வரை அமுக்கினாள்.

ஜாடியில் இருந்ததைக் கொட்டிவிட்டுப் புதுச் சரக்கு ஊற்றி வைத்தான் பச்சையப்பன். வண்டி பறந்தது. ஆலைச் சங்கு ஊதும் முன்பே கேட்டில் போய் நின்றான்.

“பாத்தியா? உன் தம்பி போனான், வண்டி ஓடுது” என்றான் ஒரு சாயங்காலம். அவள் குழம்பைக் கிளறிக்கொண்டே, “அவன் சாப்டானோ இன்னாவோ” என்றாள்.

அந்த வாரம் முடிவதற்குள், ஒரு காலையில், ஏரிக்கரை தாண்டும்போதே வண்டி இருமியது. இரண்டு தரம் வெடித்தது, நின்றுவிட்டது. அவன் இறங்கி, கார்புரேட்டரைத் திறந்து, கையில் ஏந்திக் குச்சியைக் கிழித்து வைத்தான். பற்றவில்லை.

பச்சையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. குழந்தைவேல் ஊரிலேயே இல்லை. பின்னே யார்? வெயில் ஏறுவதற்குள் வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தான். முன்பக்கம் போனால் தெருவே சிரிக்கும் என்று தோட்டத்து வழியாக வந்து, வேலியோரம் வண்டியைச் சாய்த்தான்.

கொட்டகைக்குள் யாரோ முனகுகிற சத்தம் கேட்டது. அடிபட்ட மாடு முனகுவதுபோல் இருந்தது. அவன் கீற்று இடுக்கில் கண்ணை வைத்தான்.

செங்கமலம் தூணைப் பிடித்துக்கொண்டு, நிமிர முடியாமல் பாதி வளைந்து நின்றிருந்தாள். தெருவில் நடவுக்குப் போகும் பெண்களின் பேச்சுச் சத்தம். “இன்னாடி செங்கமலம், வரலியா?” என்று ஒருத்தி குரல் கொடுத்தாள்.

“இடுப்பு நிமிரலக்கா. நீங்க நடங்க, மருந்து குடிச்சிட்டு ஓடியாந்துடறேன்” என்று பதில் கொடுத்துவிட்டு, அவள் ஜாடியைச் சாய்த்து ஒரு லோட்டாவில் ஊற்றிக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தாள், பிறகு பானையிலிருந்து அதே அளவு தண்ணீரை மொண்டு, சிந்தாமல் ஜாடியில் ஊற்றினாள்.