போடாத ஊசி

"இன்னா சொர்ணம், புருஷன சாவடிக்கவா கையெழுத்து போடறே?"

துலுக்கானம் போட்ட சத்தத்துல ஆஸ்பத்திரி வராண்டாவே திரும்பிப் பாத்துச்சு.

உள்ள படுத்திருக்கறது அவரு தம்பி கோவிந்தன். ஆவடி ஸ்டேஷன்ல ஷேர் ஆட்டோ. சவாரி ஏத்தறப்பவே வாய் கோணி, வலது கையும் காலும் விழுந்துடுச்சு.

டாக்டர் பொறுமையாத்தான் சொன்னாரு.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. அதைக் கரைக்க ஊசி இருக்கு. தலையில ஏற்கெனவே கட்டி இருக்கேன்னு பயப்படறீங்க. அது சாதாரணக் கட்டி. மூளைக்குள்ள இல்ல, மேல் உறையிலதான். ரத்தம் கசியற ஆபத்து கொஞ்சம் உண்டு. ஆனா போடலாம். நேரம் தாண்டினா போட முடியாது."

"போட்ருங்க டாக்டர்"னு சொர்ணம் பேனாவ எடுத்துச்சு.

துலுக்கானம் புடுங்கிட்டாரு. "மண்டைக்குள்ள ரத்தம் கொட்டுனா நீயா பொறுப்பு? வேப்பம்பட்டுலேர்ந்து பங்காளிங்க வந்துகினு கீறாங்க. அவங்கள கேக்காம ஊசியும் கெடயாது, கீசியும் கெடயாது."

"பெரியப்பா, டாக்டரே சொல்றாரு..." இது மக பானுப்பிரியா.

"நீ சும்மா இரு. நாளைக்கு டாக்டரா வந்து கொள்ளி போடப் போறாரு?"

பங்காளிங்க வந்தாங்க. ஆளாளுக்கு "போடலாமே"ன்னாங்க. கையெழுத்துன்னதும் டீ குடிக்கப் போனாங்க.

அவங்க திரும்பி வர்றதுக்குள்ள டாக்டர் வந்தாரு. "இனிமே போட முடியாதும்மா."

இப்போ கோவிந்தன் சேக்காட்டு ஊட்ல, கட்டில்ல. பேச்சு வராது. வலது பக்கம் அசையாது. நாம பேசறது மட்டும் எல்லாம் புரியும்.

பாக்க வர்றவங்ககிட்ட துலுக்கானம் கட்டில் பக்கத்துலயே நின்னுகினு சொல்வாரு. "நான் மட்டும் குறுக்க விழலன்னா, அன்னிக்கே ஊசியப் போட்டு அனுப்பி வெச்சிருப்பா."

"ஏம்மா, உனக்கு அப்படி இன்னா அவசரம்?"னு வந்தவரு ஒருத்தரு சொர்ணத்தக் கேட்டாரு.

"புத்தி கெட்டுப் போச்சுங்க. மாமாதான் காப்பாத்துனாரு"ன்னுச்சு சொர்ணம்.

கோவிந்தன் இடது கையால அண்ணன் கையப் புடிச்சுகினு அழுதாரு.

பானுப்பிரியா அம்மாவ சமையக்கட்டுக்கு இழுத்துகினு போச்சு.

"இன்னாம்மா நீ? ஊசி போட்டிருந்தா அப்பா இன்னிக்கு நடந்திருக்கலாம். பெரியப்பா மூஞ்சிக்கு நேரா சொல்ல வேண்டியதுதானே?"

சொர்ணம் கஞ்சிய ஆத்திக்கினே சொல்லுச்சு.

"நடந்திருக்கலாம்னு தெரிஞ்சுகினு கெடக்கறது ரொம்பக் கஷ்டம்டி. பொண்டாட்டி கொல்லப் பாத்தான்னே நெனச்சுகினு கெடக்கட்டும். அது கொஞ்சம் லேசு."