தேவைக்கேற்ற மடிக்கணினி

"இதுல என்னென்ன வேலை பார்ப்பீங்க சார்?"

கேட்டவள் சின்னப் பெண். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்தாள். கேள்வியும் சின்னதுதான்.

முதுநிலைத் துணைப் பொது மேலாளர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

கதவில் அவர் பதவி ஒரே வரியில் அடங்காது. அதனால் அலுவலகத்தில் அவருக்கு 'ரெண்டு வரி' என்று பெயர். அந்த இரண்டு வரிக்குப் பின்னால் என்ன வேலை நடக்கிறது என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

'அவரவர் தேவைக்கேற்ற மடிக்கணினி' என்றுதான் சுற்றறிக்கை வந்தது. எவ்வளவு கனிவு! பக்கத்துக் கிளையிலும் இதே கனிவோடுதான் ஆரம்பித்தார்கள். தேவை இருந்தவர்களுக்கு மடிக்கணினி கிடைத்தது. இல்லாதவர்களுக்குப் பூங்கொத்து கிடைத்தது. மறுநாள் முதல் வரவேண்டாம்.

மின்னஞ்சலை எல்லாம் உதவியாளர் அச்செடுத்து மேஜையில் வைப்பார். இவர் ஓரத்தில் 'ஆவன செய்க' என்று எழுதுவார். ஆவன எல்லாவற்றையும் உதவியாளரே செய்வார். போன வாரம் அவருக்குத்தான் முதல் பூங்கொத்து. இவர்தான் கொடுத்தார். சிக்கனம் பற்றி அருமையாகப் பேசவும் செய்தார்.

"எல்லா வேலையும்தாம்மா," என்றார். "ஒண்ணா ரெண்டா."

"அப்ப இதைத் தொட்டுப் பாத்துச் சொல்லுங்க சார். உங்களுக்குச் சரிவருமான்னு."

மேஜையில் ஒரு மடிக்கணினி திறந்திருந்தது. திரையில் பனிமலை.

எதை அழுத்தினால் என்ன வந்து தொலையுமோ. அழுத்தினால்தானே வம்பு? விரல்களைப் பொத்தான்கள் மேல் மெல்ல ஓடவிட்டார், தூங்குகிற நாயைத் தடவுவதுபோல. நெற்றியிலிருந்து ஒரு சொட்டு வியர்வை விழுந்தது.

மலை அப்படியே இருந்தது. நல்லவேளை.

அவளோடு வந்து மூலையில் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஆள் நிமிர்ந்து பார்த்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"வேகம் பிரமாதம்மா. என் தேவைக்குக் கச்சிதம்."

அவள் சிரிக்கவில்லை. மரியாதையாகத் தலையாட்டினாள்.

"ரொம்ப நன்றி சார். அடுத்தவங்களை வரச்சொல்லிடுங்க."

வெளியே வந்த பிறகுதான் மூச்சே வந்தது. தப்பித்தாயிற்று. வரிசையில் முதலாவதாகக் கணக்குப் பிரிவு அக்கா, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தார்.

"போங்கம்மா, ஒண்ணும் பண்ணமாட்டாங்க," என்று பெருந்தன்மையாகக் கதவைத் திறந்துவிட்டார். "நம்மள மாதிரி வேலை தெரிஞ்சவங்களுக்கு என்ன பயம்?"

அக்கா உள்ளே போனார். நாற்காலி நகர்ந்தது. டொக் டொக்கென்று இரண்டு தட்டு.

"என்னம்மா இது, வெறும் பிளாஸ்டிக் கூடு. மேல படத்தை ஒட்டி வெச்சிருக்கீங்க. நிஜ மெஷின் எங்க?"

"இதோ தர்றேன்க்கா," என்றாள் அந்தப் பெண்.