ரத்தப் பொருத்தம்

"பூரி மாதிரி உப்பியிருக்கிற பொண்ணுக்கு ரத்தம் சுத்தம், ஈர்க்குச்சி மாதிரி இருக்கிற எம்புள்ளைக்கு ஆபத்தா? கண்ணத் தொடச்சிட்டுப் படிங்கய்யா!" என்று தரகரிடம் சீறினாள் வேதவல்லி.

ஜாதகம் போய், உடம்புக் கொழுப்பு ரத்தத்தில் விடும் ரசாயனச் சேதியைச் சோதித்து, பின்னாளில் என்ன நோய் வரும் என்று பார்த்துச் சம்பந்தம் பேசும் காலம். பெண் குண்டு என்று சோதனை கேட்டதே வேதவல்லிதான்.

"ஒல்லியா இருந்தாலும் உள்ளுக்குள்ள கொழுப்பு படியும்மா. பின்னாடி மாரடைப்பு வரலாம்னு போட்டிருக்கு," என்றார் தரகர்.

பையன் வீடு பார்க்க வந்திருந்த பெண் வீட்டார் எழுந்துவிட்டார்கள். கல்யாணப் பெண் மகிழினி மட்டும் எழவில்லை, அவளுக்குப் பையனைப் பிடித்துவிட்டது. தட்டில் குவிந்திருந்ததைப் பார்த்தாள். "பஜ்ஜி யாரு அத்தை சுட்டது?"

"நாந்தான். தினமும் இல்லாட்டி அவனுக்குச் சோறு இறங்காது," என்றாள் வேதவல்லி பெருமையாக.

தையில் கல்யாணம். மறுவாரமே மகிழினி புருஷனோடு ஓசூருக்குக் குடிபோனாள். வேதவல்லி இன்னும் பஜ்ஜி சுடுகிறாள். தெருவே தின்கிறது, சோதனைக்கு ரத்தம் கொடுக்கத்தான் யாரும் போவதில்லை.